கூட்டம் கூட்டுகிறவரின் கடமை
(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆலய நிர்வாகத்தினர்முன் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளை மேடைகளில் நாம் பெரும்பாலும் இலக்கியமும் சமயமும் வரலாறும் கேட்டுப் பழகியவர்கள். பொது இடங்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசலாமா என்று நான் கேட்டபோது பொறுப்பாளர்கள் தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள். கட்டடத் தீப் பாதுகாப்புத் தொழிலில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் அவர்களுக்கு நன்றி சொல்கிறேன். இந்தப் பேச்சு யாரையும் அச்சுறுத்துவதற்காக இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகளையும் முதியவர்களையும் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டுகிறோமே, அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடமையைச் சொல்வதற்காக.

2019ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் அப்போதைய தேசியப் போலீஸ் படைத் தலைவர் அப்துல் ஹமிட் பாடோர் ஒரு தகவலை வெளியிட்டார். அந்த மாதம் 5ஆம் தேதியிலிருந்து 7ஆம் தேதிக்குள் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் திரெங்கானுவிலும் நால்வர் பிடிபட்டிருந்தார்கள். ஒரு கைத்துப்பாக்கி, 15 தோட்டாக்கள், கையால் செய்த ஆறு வெடிகுண்டுகள் கைப்பற்றப்பட்டன. நோன்பு மாதத்தின் முதல் வாரத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கின் தேவாலயங்களையும் இந்து ஆலயங்களையும் கேளிக்கை மையங்களையும் தாக்குவது அவர்கள் திட்டம் என்று போலீஸ் அறிவித்தது. முந்திய ஆண்டு நவம்பரில் சுபாங் ஜெயாவின் சீபீல்டு மாரியம்மன் ஆலயக் கலவரத்தின்போது தீயணைக்கும் பணிக்குச் சென்று படுகாயமடைந்து, டிசம்பர் 17இல் உயிர் நீத்த தீயணைப்பு வீரர் முகமட் அடிப்பின் மரணத்துக்குப் பழிவாங்குவதாக அவர்கள் நினைத்தார்களாம். தீயை அணைக்கப் போன ஒரு மனிதரின் பெயரால் கோயிலில் குண்டு வைக்க நினைத்தார்கள் என்பதை எண்ணும்போது இன்றும் மனம் பதறுகிறது.

இந்து ஆலயம் என்றார்கள். எந்த ஆலயம் என்று பொதுமக்களுக்குச் சொல்லப்படவில்லை. ஆகவே அது உங்கள் ஆலயமாகவும் இருந்திருக்கலாம். அந்த வாரத்துக்குப் பிறகு நம் இடத்தில் எது மாறியது என்று இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொரு நிர்வாகமும் தன்னைக் கேட்டுப் பார்க்க வேண்டும். நான் போய்ப் பார்த்த இடங்களில் கேமராக்கள் கூடியிருக்கின்றன. அவை உண்டியலையும் அலுவலகத்தையும் வாகன நிறுத்துமிடத்தையும் பார்க்கின்றன. கூட்டம் வெளியேறும் வழியைப் பார்க்கும் கேமராவை அரிதாகவே கண்டேன். ஆபத்து நேர்ந்தால் ஒலிபெருக்கியை யார் கையில் எடுப்பது என்று கேட்டால், தலைவர் என்கிறார்கள். தலைவர் வராத நாளில் யார் என்றால் பதில் இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். சதிகாரனைக் கண்டுபிடிப்பது அரசின் வேலை. அதை நம்மால் செய்ய முடியாது, செய்ய முயலவும் கூடாது. ஆனால் அவன் வந்துவிட்டால், அல்லது தீயோ நெரிசலோ எரிவாயு வெடிப்போ வந்துவிட்டால், முதல் பத்து நிமிடம் அந்த இடத்தை நடத்துகிறவர்களுக்கு உரியது. அந்தப் பத்து நிமிடத்துக்கான ஏற்பாட்டை நாம் யாரிடமும் ஒப்படைத்துவிட முடியாது.

இந்த நாட்டில் இது புதிதாக வந்த கவலையும் இல்லை. 1975 ஆகஸ்ட் 4ஆம் நாள் ஜப்பானியச் செம்படையினர் தூதரகங்கள் இருந்த கோலாலம்பூரின் ஏ.ஐ.ஏ. கட்டடத்துக்குள் புகுந்து ஐம்பதுக்கு மேற்பட்டவர்களைப் பிணை பிடித்தார்கள். அதே மாதக் கடைசியில் தேசிய நினைவுச் சின்னம் குண்டுவைத்துச் சிதைக்கப்பட்டது. நம் மூத்தவர்களுக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும். அன்றைய குறிகள் தூதரகமும் அரசுச் சின்னமும். இப்போது குறி மாறிவிட்டது. 2016 ஜூன் 28ஆம் நாள் அதிகாலை, பூச்சோங்கில் ஐ.ஓ.ஐ. புலவார்டில் உள்ள மொவிடா என்ற மதுக்கூடத்தில் ஐரோப்பியக் கிண்ணக் காற்பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்மீது மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் கையெறி குண்டு வீசினார்கள். எட்டுப் பேர் காயமடைந்தார்கள். தொழில் போட்டியாக இருக்கலாம் என்றுதான் முதலில் பேச்சு எழுந்தது. ஒரு வாரம் கழித்து, இது ஐ.எஸ். இயக்கத்தின் பெயரில் மலேசிய மண்ணில் நடந்த முதல் தாக்குதல் என்பதைப் போலீஸ் உறுதிப்படுத்தியது. கட்டளை சிரியாவிலிருந்த ஒரு மலேசியரிடமிருந்து வந்திருந்தது. குண்டு வீசிய வழக்கில் இருவருக்கு 25 ஆண்டுச் சிறை கிடைத்தது.

காற்பந்து பார்க்கப் போனவர்கள், பிரார்த்தனைக்குப் போனவர்கள், பண்டிகைத் துணி வாங்கப் போனவர்கள். இவர்களுக்கு மெய்க்காவலர் கிடையாது. இவர்கள் கூடும் இடங்களுக்கு மதிலும் கிடையாது, இருக்கவும் கூடாது. கோயிலும் கடைத்தெருவும் யாரும் வரலாம் என்பதற்காகவே இருப்பவை. அந்தத் திறந்த தன்மையைக் காப்பாற்றிக்கொண்டே உயிர்களையும் காப்பது எப்படி என்பதே கேள்வி.

2019 மே மாதக் கைதுகளுக்கு இரண்டு வாரம் முன்புதான் இலங்கையில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்தன. ஏப்ரல் 21. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் தேவாலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் பெரிய விடுதிகள். 260க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தத் தாக்குதலைப் பற்றி முன்னெச்சரிக்கை இல்லாமல் இல்லை. ஏப்ரல் 4 முதலே இந்திய உளவுத்துறை தகவல் அனுப்பியிருந்தது. தேவாலயங்கள் குறி என்ற செய்தியும் அதில் இருந்தது. அது மேலதிகாரிகளின் மேசைகளுக்கிடையே சுற்றி நின்றுவிட்டது. செபஸ்தியார் தேவாலய வாசலில் நின்றவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் இந்தத் தவறுக்காக முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. மேலே இருக்கும் தகவல் கீழே வரும் என்று நம்பி எந்த ஆலயமும் இருந்துவிட முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

மட்டக்களப்பில் என்ன நடந்தது என்பதை நம் மக்கள் அறிந்திருக்க வேண்டும். சீயோன் தேவாலய முற்றத்தில் ஞாயிறு பள்ளி முடித்த பிள்ளைகள் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய பை சுமந்து வந்த ஓர் அந்நியனைச் சபையைச் சேர்ந்த ஒருவர் கண்டு பேச்சுக் கொடுத்தார். உள்ளே போகவேண்டுமானால் போதகரிடம் அனுமதி பெற வேண்டும் என்று சொல்லி வெளியே நிறுத்தினார். குண்டு வெளியிலேயே வெடித்தது. அவர் இறந்தார், பிள்ளைகள் பலர் இறந்தார்கள். உள்ளே நூற்றுக்கணக்கானோர் உயிர் தப்பினார்கள். அவர் பயிற்சி பெற்ற காவலர் இல்லை. தன் சபைக்கு வருகிறவர்களை முகம் பார்த்து அறிந்தவர், அறியாதவரிடம் மரியாதையோடு கேள்வி கேட்கத் தெரிந்தவர். நம் ஆலய வாசலில் ஒருவர் நின்று, வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லி, புதியவரிடம் "முதல் தடவை வருகிறீர்களா, யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்பது வரவேற்பும் ஆகும், பாதுகாப்பும் ஆகும். அதற்கு ஒரு காசும் செலவில்லை.

இனி மான்செஸ்டருக்கு வருகிறேன். சற்று விரிவாகவே சொல்லப்போகிறேன். ஒரு பொது இடத்தில் முதல் நிமிடங்கள் எப்படிப் பாழாகின்றன என்பதைப் பிரிட்டன் மிக நுணுக்கமாக ஆராய்ந்து எழுதிவைத்திருக்கிறது.

2017 மே 22ஆம் நாள் இரவு 10.31. மான்செஸ்டர் அரினாவில் அரியானா கிராண்டேயின் இசை நிகழ்ச்சி முடிந்து இளம்பெண்களும் அவர்களை அழைத்துப்போக வந்த பெற்றோரும் வெளியேறும் கூடத்தில் நெருங்கி நின்றபோது ஒருவன் முதுகுப்பைக் குண்டை வெடித்தான். 22 பேர் கொல்லப்பட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி சர் ஜான் சாண்டர்ஸ் தலைமையிலான விசாரணை மூன்று தொகுதிகளாக அறிக்கை தந்தது. அதில் ஒவ்வொரு பக்கமும் நமக்குப் பாடம். தாக்கியவன் நெடுநேரம் அங்கேயே ஒளிந்திருந்தான். கேமரா எட்டாத ஒரு மூலை அவனுக்குக் கிடைத்தது. நிகழ்ச்சிக்குப் போன பிள்ளையை அழைக்க வந்த ஒருவர் அவனைப் பார்த்துச் சந்தேகப்பட்டு அங்கிருந்த ஊழியரிடம் சொன்னார். அந்தத் தகவல் உரிய இடத்துக்குப் போகவில்லை. பதினெட்டு வயதுக் காவல் ஊழியர் ஒருவருக்கும் அவனைக் கண்டதும் ஏதோ சரியில்லை என்று பட்டது. வாக்கிடாக்கியில் அழைத்துப் பார்த்தார், இணைப்புக் கிடைக்கவில்லை. அவனை நேரில் போய் விசாரித்தால் தன்னை இனவெறியன் என்று சொல்லிவிடுவார்களோ என்றும் அஞ்சினார். அந்தக் கூடத்தில் இருந்திருக்க வேண்டிய போலீஸ் அதிகாரி எவரும் அந்த நிமிடத்தில் அங்கே இல்லை.

வெடித்த பிறகு நடந்தது இன்னும் வேதனையானது. முதல் நாற்பது நிமிடங்களில் அந்தக் கூடத்துக்குள் வந்த அவசர மருத்துவ உதவியாளர் ஒருவர் மட்டுமே. கடைசிவரை மூவர். தீயணைப்புப் படை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. இன்னொரு தாக்குதல் நடக்கலாம் என்ற ஐயத்தில் அவர்களைத் தூரத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். காயம்பட்டவர்களை விளம்பரத் தட்டிகளிலும் இரும்புத் தடுப்புகளிலும் கிடத்தித் தூக்கிப்போனவர்கள் அரினா ஊழியர்களும் போலீசாரும் வழிப்போக்கர்களும். இறந்தவர்களில் ஒருவர் தகுந்த முதலுதவி உரிய நேரத்தில் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று விசாரணை முடிவு செய்தது. பிரிட்டன் போன்ற ஒரு நாட்டில், ஒரு பெரிய நகரத்தின் நடுவில் இப்படி நடந்தது. கிள்ளானில் ஒரு விழா இரவில், ஜாலான் தெங்கு கிளானா முழுவதும் வாகனம் அடைத்துக்கொண்டு நிற்கும்போது, தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலிருந்து ஓர் ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வர முடியும் என்று எண்ணிப் பாருங்கள். வருகிறவர்கள் விரைந்தே வருவார்கள். சாலை விட வேண்டுமே.

தமனி அறுந்து பீறிடும் இரத்தம் சில நிமிடங்களில் உயிரைக் கொண்டுபோய்விடும். அதை நிறுத்தத் தெரிந்த கை அங்கேயே இருக்க வேண்டும். காயத்தின்மேல் துணியை வைத்து முழு எடையோடு அழுத்துவது, கையிலோ காலிலோ என்றால் காயத்துக்கு மேலே இறுக்குப் பட்டி கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வைப்பது. ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம். செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் இந்நாட்டில் முதலுதவி வகுப்பு நடத்துகின்றன. நம் ஆலயங்களில் தேவாரம் கற்பிக்கிறோம், பரதம் கற்பிக்கிறோம், மிக நல்லது. அதே மண்டபத்தில், அதே பிள்ளைகளுக்கு, இரத்தத்தை நிறுத்தக் கற்பிக்க வேண்டும் என்று உங்களை வேண்டிக் கேட்கிறேன்.

இனி நம் கதவுகளைப் பற்றி. இது என் தொழிலுக்கு உரிய இடம். மனம் பொறுக்காமல் பேசுகிறேன். 2017 செப்டம்பர் 14ஆம் நாள் விடியற்காலை கோலாலம்பூர் கம்போங் டத்தோ கெராமாட்டில் ஒரு தஹ்ஃபிஸ் சமயப் பள்ளியில் தீப்பிடித்தது. 23 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் பிள்ளைகள். தீ வாசலுக்கு அருகே எழும்பியது. சன்னல்களில் இரும்புக் கம்பி அடித்திருந்தது. பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறியதை அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். வேண்டுமென்றே வைத்த தீ அது என்று போலீஸ் கண்டது. கெட்ட எண்ணம் கொண்டவன் தீயை வைத்தான். கம்பியை அடித்தவர்கள் திருடன் வரக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் அடித்தவர்கள். உயிர் போனதற்கு இரண்டுமே காரணம். தஞ்சைப் பெரிய கோயிலில் 1997 ஜூன் 7ஆம் நாள் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து 48 பேர் இறந்தார்களே, அங்கேயும் ஓலைப் பந்தலும் நெரிசலும் வெளியேற வழியில்லாமையும் சேர்ந்தே கொன்றன.

நம் திருமண மண்டபங்களைப் பாருங்கள். பின்கதவில் சங்கிலி போட்டிருப்பார்கள். காரணம் கேட்டால், அழைக்காதவர்கள் நுழைகிறார்கள், குளிர்சாதனம் வீணாகிறது என்பார்கள். கதவுக்கு முன்னால் பந்திப் பாத்திரங்களும் கூடுதல் நாற்காலிகளும் அடுக்கியிருக்கும். ஆலயத்தில் அன்னதான வரிசையை ஒழுங்குபடுத்த இரும்புத் தடுப்பைத் தரையோடு இறுக்கியிருப்பார்கள். 1988இன் தீயணைப்புச் சேவைச் சட்டம், அதாவது 341ஆம் சட்டம், குறிப்பிட்ட வகைக் கட்டடங்கள் தீயணைப்புச் சான்றிதழ் பெற்று ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்கிறது. பொம்பா எனப்படும் தீயணைப்புத் துறையின் அதிகாரி வரும் நாளில் சங்கிலி கழன்றிருக்கும். விழா நாளில் மறுபடி பூட்டியிருக்கும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நூறு பேர் சேர்ந்து தள்ளும் கூட்டத்தில் ஒருவரால் குனிந்து சாவியைத் திருப்ப முடியாது. உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற கதவு ஒன்றே கதவு.

சிலர் என்னிடம் கேட்கிறார்கள், குண்டைப் பற்றிப் பேச வந்துவிட்டுத் தீயையும் நெரிசலையும் பேசுகிறீர்களே என்று. பிரிக்க வேண்டிய தேவை இல்லை என்பதுதான் என் வாதம். 2025 ஏப்ரல் 1ஆம் நாள் நோன்புப் பெருநாளின் இரண்டாம் காலை, புத்ரா ஹைட்ஸில் பெட்ரோனாஸ் எரிவாயுக் குழாய் வெடித்து எழுந்த தீயைக் கிள்ளான் பள்ளத்தாக்கின் பல மூலைகளிலிருந்தும் பார்த்தோம். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள், நூற்றுக்கணக்கான வீடுகள் பாழாயின. வீட்டை விட்டு ஓடியவர்களுக்குப் புத்ரா ஹைட்ஸ் பள்ளிவாசல் அடைக்கலம் தந்தது. சுடும் தரையில் செருப்புக்கூட இல்லாமல் ஓடியவர்களுக்கு இது விபத்தா சதியா என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை. எந்தப் பக்கம் ஓடுவது, பிள்ளை எங்கே, யார் தண்ணீர் தருவார் என்பவையே அவர்கள் கேள்விகள். காரணம் எதுவானாலும் தேவை ஒன்றேதான்: திறந்த கதவு, தெளிவான அறிவிப்பு, முதலுதவி தெரிந்த கை. ஒருமுறை ஏற்பாடு செய்தால் எல்லா ஆபத்துக்கும் அது உதவும்.

ஆனால் ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. தீயென்றால் எல்லாரையும் வெளியே அனுப்புகிறோம். ஆயுதம் ஏந்தியவன் வெளியே நிற்கும்போது எல்லாரையும் வெளியே அனுப்பினால் அவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியதாகிவிடும். அப்போது உள்ளே அழைத்துக் கதவைத் தாழிட வேண்டும். எந்த நேரத்தில் எது என்று முடிவு செய்யும் ஒருவர் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் பெயர் குறித்து நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். அவர் மைக்கில் பேச வேண்டிய வாசகத்தைத் தமிழிலும் மலாயிலும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். பதற்றத்தில் எவருக்கும் நல்ல வாக்கியம் வராது.

பிரிட்டன் இந்தக் கடமையைச் சட்டமாக்கிவிட்டது. மான்செஸ்டரில் மகன் மார்ட்டினை இழந்த ஃபிகன் மரே என்ற தாய் பல ஆண்டுகள் போராடினார். 2024இல் மான்செஸ்டரிலிருந்து லண்டன் வரை நடந்தே போய்ப் பிரதமர் வீட்டுக் கதவைத் தட்டினார். 2025 ஏப்ரல் 3ஆம் நாள் அரச ஒப்புதல் பெற்ற அந்தச் சட்டத்தை மக்கள் மார்ட்டின் சட்டம் என்றே அழைக்கிறார்கள். ஒரே நேரத்தில் 200 பேரோ அதற்கு மேலோ கூடக்கூடிய இடங்கள் வெளியேற்றம், உள்ளே அழைத்தல், தாழிடல், தகவல் சொல்லல் ஆகிய நான்குக்கும் நடைமுறை வகுத்திருக்க வேண்டும். 800 பேரோ அதற்கு மேலோ என்றால் கூடுதல் கடமைகள் உண்டு. வழிபாட்டு இடங்கள் எவ்வளவு பெரியவையானாலும் அவற்றுக்கு முதல் படி மட்டுமே. சுவர் எழுப்பு, இயந்திரம் வாங்கு என்று சட்டம் அவற்றைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆயத்தப்பட இரண்டாண்டுக்குக் குறையாத அவகாசமும் தந்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் இதைப் போன்ற ஒரு சட்டம் வேண்டும் என்று நான் வெளிப்படையாகக் கோருகிறேன். நமக்குச் சொஸ்மா இருக்கிறது, பொத்தா இருக்கிறது. அவை சந்தேகத்துக்குரியவரைப் பிடித்து வைக்கும் சட்டங்கள். மண்டபத்தை நடத்துகிறவரிடம் "உன் இடத்துக்கு வருகிறவர்களைக் காக்க என்ன வைத்திருக்கிறாய்?" என்று கேட்கும் சட்டம் இன்னொரு வகை. முதல் வகையில் நாம் நிறையச் செய்துவிட்டோம். இரண்டாவதில் தீயணைப்புச் சான்றிதழோடு நின்றுவிட்டோம்.

கூட்டத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று தெரியாத இடங்களும் உண்டு. அவைதான் எனக்குப் பெரிய கவலை. தீபாவளிக்கு முந்திய வாரக் கடைசியில் பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தனில் நின்று பாருங்கள். கூடாரங்கள் இருபுறமும், நடுவே நடக்கும் மக்கள், ஓரத்தில் வண்டிகள். இந்தக் கூட்டத்தை யார் கூட்டினார்கள்? கடைக்காரர்கள் தனித்தனியே வந்தார்கள், மக்கள் தாமாக வந்தார்கள். தென் கொரியத் தலைநகர் சோலில் இத்தேவோன் பகுதியில் 2022 அக்டோபர் 29ஆம் நாள் இரவு இப்படித்தான் இளைஞர்கள் தாமாகக் கூடினார்கள். மூன்று மீட்டருக்குச் சற்றே கூடுதலான அகலமுள்ள சரிவான சந்தில் ஏற்பட்ட நெரிசல் 159 உயிர்களைக் கொண்டுபோனது. நசுங்கிப்போவோம் என்ற முதல் அவசர அழைப்பு மாலை 6.34க்கே வந்திருந்தது, விபத்து இரவு பத்து மணிக்குப் பிறகு. ஏற்பாட்டாளர் எவரும் இல்லாத விழா என்பதால் பாதுகாப்புத் திட்டமும் இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். பிறகு கொரியா சட்டத்தைத் திருத்தி, அத்தகைய கூட்டங்களை உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பாக்கியது. ஏற்பாட்டாளர் இருந்தும் 2025 செப்டம்பர் 27இல் கரூரில் நடிகர் விஜய்யின் கட்சிக் கூட்டத்தில் 41 பேர் நெரிசலில் மாண்டார்கள். நம் பினாங்கில் 1988 ஜூலை 31ஆம் நாள், புனித அன்னாள் திருவிழாக் கூட்டமும் சேர்ந்த நேரத்தில், பட்டர்வொர்த் படகுத் துறையின் மேல்தளம் சரிந்து 32 பேர் இறந்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேர் அடைந்துவிட்டால் யாரும் தம் விருப்பப்படி நகர முடியாது. தண்ணீரைப் போலக் கூட்டம் தானே அலையடிக்கும். அந்த நிலையில் யாரோ ஒருவர் "குண்டு" என்று கத்தினாலே போதும். குண்டு வேண்டியதில்லை.

பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. 272 படிகள். தைப்பூச நாட்களில் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வந்து போகிறார்கள். தேவஸ்தானம், போலீஸ், பொம்பா, ரேலா தொண்டர் படை, தொண்டூழியர்கள் சேர்ந்து அந்தக் கூட்டத்தைக் கையாளும் அனுபவம் நம்மிடம் இருக்கிறது. ஏறுவோரையும் இறங்குவோரையும் பிரிப்பது, காவடிக்கு வழி விடுவது, குழந்தை தொலைந்தால் அறிவிப்பது ஆகியவற்றை நம் இளைஞர்கள் ஆண்டுதோறும் செய்கிறார்கள். இந்த அறிவு எழுதப்படாமல் சிலர் தலையில் மட்டும் இருக்கிறது. அவர்கள் ஓய்வுபெறுமுன் அதை எழுதி வாங்கி, கிள்ளானின் சுந்தரராஜப் பெருமாள் ஆலயத்துக்கும் தோட்டப்புறத்துச் சின்னக் கோயிலுக்கும் கொண்டுசேர்க்க வேண்டும். மலையின் அடிவாரத்தில் செய்யத் தெரிந்ததை மண்டபத்தில் செய்ய முடியாதா?

பிரிக்பீல்ட்ஸுக்கென்று ஒரு தனிக் கடமையும் உண்டு. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. இந்தத் தெருக்களில் பார்வையற்றவர்கள் வாழ்கிறார்கள், வேலை செய்கிறார்கள், உடம்பு பிடித்துவிடும் கடைகள் நடத்துகிறார்கள். கோல் தடவி நடக்க நடைபாதையில் புடைப்போடுகள் பதித்திருக்கிறது. பண்டிகைக் காலத்தில் அதன்மேலேயே கூடாரக் கால்களையும் துணிப் பெட்டிகளையும் வைத்துவிடுகிறோம். ஒரு வெடிச்சத்தம் கேட்டுத் தெருவே ஓடும்போது, அன்றாடம் காலால் அறிந்த பாதை அடைபட்டு நிற்கும் ஒருவர் என்ன செய்வார்? அவசர அறிவிப்பை வண்ண விளக்காலும் சைகையாலும் தந்தால் அவருக்கு எட்டாது. குரலால் மட்டும் தந்தால் காது கேளாதவருக்கு எட்டாது. திட்டம் போடும்போது அவர்களையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அவர்களைத் தாங்கும் திட்டம் கைக்குழந்தையோடு வரும் தாயையும் முழங்கால் வலியுள்ள பாட்டியையும் தாங்கும்.

கடைசியாக, மிகக் கவனமாகச் சொல்ல வேண்டிய ஒன்று. பாதுகாப்பு என்ற பெயரில் யாருடைய தாடியையும் முக்காட்டையும் நெற்றித் திருநீற்றையும் சந்தேகிக்கக் கூடாது. நியாயத்துக்காகவும் சொல்கிறேன், பயன் கருதியும் சொல்கிறேன். 2019 மார்ச் 15இல் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 தொழுகையாளிகளைச் சுட்டுக் கொன்றவன் வெள்ளையன். அவனைப் பின்பற்றிச் சிங்கப்பூரில் இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்டதாக 2020 டிசம்பரில் தடுத்து வைக்கப்பட்டது பதினாறு வயதுச் சிறுவன். இந்திய இனத்தவன், கிறிஸ்துவன். தோற்றத்தைத் தேடுகிறவர் இவனைத் தவறவிட்டிருப்பார். பார்க்க வேண்டியது நடத்தையை: கூட்டம் போகும் திசைக்கு எதிராக நிற்பவர், பையை வைத்துவிட்டு விலகிப் போகிறவர், வாசல்களையும் காவலர்களையும் மட்டும் படமெடுக்கிறவர். அவரிடமும் முதலில் பணிவாகவே பேச வேண்டும். ஐயம் தீரவில்லையென்றால் 999ஐ அழைக்க வேண்டும். மான்செஸ்டரின் அந்த இளம் காவல் ஊழியருக்கு யாராவது இதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் அவர் அஞ்சியிருக்க மாட்டார்.

அதே காரணத்தால் இந்த வேலையை நாம் தனியாகவும் செய்ய முடியாது. பிரிக்பீல்ட்ஸில் நடக்கும் தூரத்துக்குள் கந்தசாமி கோயில் இருக்கிறது, ஜெபமாலை மாதா தேவாலயம் இருக்கிறது, பௌத்த மகா விகாரை இருக்கிறது, சூராவ் இருக்கிறது. ஒரு வாசலில் குண்டு வெடித்தால் மற்ற மூன்றும் காயம்பட்டவர்களுக்குக் கதவு திறக்க வேண்டிய இடங்கள். அவற்றின் பொறுப்பாளர்கள் ஒருவர் தொலைபேசி எண்ணை ஒருவர் வைத்திருக்க வேண்டும்.

எனவே இங்கே வந்திருக்கும் நிர்வாகத்தினரிடமும் கடைக்காரர் சங்கங்களிடமும் நேரடியாகக் கேட்கிறேன். அடுத்த தீபாவளிக்கு முன் மாநகர் மன்றத்தையும் பிரிக்பீல்ட்ஸ் போலீசையும் பொம்பாவையும் மருத்துவமனையையும் நான்கு சமயத்து வழிபாட்டு இடங்களையும் பார்வையற்றோர் சங்கத்தையும் ஒரு மேசைக்கு அழையுங்கள். ஆம்புலன்ஸ் எந்தச் சாலை வழியாக வரும், யார் மைக்கைப் பிடிப்பார், எந்தக் கதவுகள் திறந்திருக்கும் என்று தீர்மானித்து எழுதி, ஒருநாள் ஒத்திகையும் பாருங்கள். கிள்ளானிலும் அவ்வாறே செய்யுங்கள். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அழைப்புக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டியவர்கள் பெரும்பாலும் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள்.